நார் சிதைக்கும் நுண்ணுயிர்களின் மரபெழுத்து

வைக்கோலைத் தின்று பால் தரும் பசுவுக்கு வைக்கோலைச் செரிக்கும் ஆற்றல் கிடையாது. 2009ஆம் ஆண்டில் பசுவின் மரபுத்தொகை அறியப்பட்டு வெளியாயிற்று. அதிலுள்ள ஏறத்தாழ 22,000 மரபணுக்களுள், வைக்கோலின் தலைமைப் பொருளாகிய செல்லுலோசை வெட்டும் நொதிக்கு உரியது ஒன்றும் இல்லை. ஆட்டுக்கும் இல்லை, எருமைக்கும் இல்லை, யானைக்கும் இல்லை. அவ்வேலையை அவற்றின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை விட்டுவைத்த மிச்சத்தைச் சாணத்தில் வாழும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. இவ்வுயிர்களின் மரபுத்தொகையை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முயற்சி கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. அதனால் அறிந்தவை பல. அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டவையும் உண்டு. என் நோக்கில் இரண்டாவதைப் பற்றித்தான் இன்னும் கூடுதலாகப் பேச வேண்டும்.

செல்லுலோசைப் பிரெஞ்சு வேதியியலார் அன்செல்ம் பாயன் 1838இல் தாவரத் திசுக்களிலிருந்து பிரித்துக் காட்டினார். குளுக்கோசு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட கிளையற்ற இழை அது. அரிசியிலும் கிழங்கிலும் உள்ள மாப்பொருளும் குளுக்கோசால் ஆனதே. வேறுபாடு, பிணைப்பு அமைந்த திசையில் இருக்கிறது. மாப்பொருளில் உள்ளது ஆல்ஃபா வகைப் பிணைப்பு. அதனால் இழை சுருண்டு கிடக்கும், நீர் எளிதில் புகும், உமிழ்நீரே அதை வெட்டத் தொடங்கிவிடும். செல்லுலோசில் உள்ளது பீட்டா வகை. ஒவ்வொரு குளுக்கோசும் தனக்கு முன்னதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் இழை விறைத்து நீள்கிறது. விறைத்த இழைகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பெற்று, நீரியப் பிணைப்புகளால் இறுகிப் படிகம் ஆகின்றன. நீரே நுழையத் தயங்கும் அடுக்கினுள், அதைவிடப் பன்மடங்கு பருத்த நொதி எவ்வாறு நுழையும்? போதாக்குறைக்கு, சைலன் முதலிய சர்க்கரைச் சங்கிலிகள் அப்படிக இழைகளைச் சுற்றிப் பின்னியிருக்கின்றன. இடைவெளிகளை லிக்னின் அடைத்துக்கொண்டிருக்கிறது. நொதியின் துணையின்றிச் செல்லுலோசின் பிணைப்பு தானாக அறுபட, அறை வெப்பநிலையில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பது வேதியியலார் கணக்கு. பசுவின் வயிற்றில் அதே வேலை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

நான்கறை வயிற்றில் முதலாவதாகிய அசையூண் இரைப்பை, வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 39 பாகை செல்சியசு. உயிர்வளி இல்லை என்றே சொல்லலாம். அந்நீர்மத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை நாரை உடைத்துச் சர்க்கரையாக்கித் தாமே உண்டு, அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் காடிகளைக் கழிவாக விடுகின்றன. இரைப்பைச் சுவர் அக்காடிகளை உறிஞ்சிக்கொள்கிறது. பசுவுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு இவ்வழியே வருகிறது.

காற்றுப் பட்டால் மடியும் இவ்வுயிர்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்க நெடுங்காலம் எவராலும் இயலவில்லை. அமெரிக்கரான இராபர்ட் அங்கேட் 1940களில் அதற்கொரு வழி கண்டார். சோதனைக் குழாயினுள் கரியமில வளியைச் செலுத்திக் காற்றை வெளியேற்றியவாறே, நுண்தூளாக அரைத்த செல்லுலோசு கலந்த இளஞ்சூட்டு அகர்க் கூழை அதில் ஊற்றுவார். இரைப்பை நீர்மத்தைப் பல முறை நீர்த்து, அதில் ஒரு துளியை இடுவார். ரப்பர் அடைப்பானால் இறுக மூடிக் குழாயைப் படுக்கைவாக்கில் உருட்டினால் கூழ் உட்சுவர் முழுதும் மெல்லிய படலமாக உறையும். செல்லுலோசுத் தூளால் வெண்மையாகக் கலங்கியிருக்கும் அப்படலத்தில் நாட்கள் செல்லச் செல்லச் சிறுசிறு தெளிந்த வட்டங்கள் தோன்றின. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு நுண்ணுயிர்த் திரள் இருந்தது. அதைச் சூழ்ந்திருந்த செல்லுலோசு கரைந்து போயிருந்தது. இம்முறையால் 1947இல் அவர் விவரித்த பாக்டீரியா இன்று ஃபைப்ரோபாக்டர் சக்சினோசெனீசு என்று வழங்குகிறது. பின்னே வரும் கதையில் அதற்குத் தனியிடம் உண்டு.

சாணத்தை இரைப்பையின் நேர்ப்படியாகக் கொள்வது தவறு. இரைப்பையில் வாழ்ந்தவற்றுள் பெரும்பாலானவை நான்காம் அறையின் காடியில் மடிந்து, சிறுகுடலில் செரிக்கப்பட்டு, பசுவுக்கே புரதமாகிவிடுகின்றன. சாணத்தில் நாம் காண்பவை பெருங்குடலில் வாழ்ந்தவையும், கெட்டியான அகவித்துகளாக உறங்கியபடியே உடலைக் கடந்து வந்தவையும் ஆகும். அவற்றுக்குக் கிடைக்கும் நாரும் வேறு: இரைப்பையின் வேலைக்குத் தப்பிய, லிக்னின் செறிந்த மிச்சம். சாணத்தை எருக்குழியில் குவித்தபின் நிலைமை மேலும் மாறுகிறது. குவியலின் தோலில் உயிர்வளி உண்டு, உள்ளே இல்லை. நொதித்தலின் வெப்பத்தால் நடுப்பகுதி 60 பாகையைத் தாண்டும். ஒரே குவியலில் காற்று விரும்பிகள், காற்று வெறுப்பவை, சூடு விரும்பிகள் என அடுக்கடுக்காகக் குடிகள் அமைந்துவிடும். இத்துணை வகைமை ஓரிடத்தில் கிடைப்பதாலும், விலாவில் துளையிட்டு அடைப்பான் பொருத்திய மாட்டைத் தேட வேண்டாம் என்பதாலும் ஆய்வாளர் பலர் சாணத்தை நாடுகின்றனர்.

அவர்கள் முதலில் செய்யும் சோதனை பெரும்பாலும் ஒன்றே. இரைப்பைப் பாக்டீரியாக்களுக்காக டீத்தர், வுட் என்னும் இருவர் 1982இல் வெளியிட்ட முறை அது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோசு கலந்த அகர்த் தட்டில் நுண்ணுயிரை வளர்த்து, அதன்மேல் காங்கோ சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சிறிது நேரம் விட்டு, உப்புக் கரைசலால் அலச வேண்டும். நீண்ட இழை உள்ள இடமெல்லாம் சாயம் பற்றிச் செக்கச்சிவந்து நிற்கும். நொதி இழையைத் துண்டாக்கிய இடத்தில் சாயம் பற்றாது. திரளைச் சுற்றி இளமஞ்சள் வளையம் தெரியும். காண அழகான சோதனை. செலவும் குறைவு. வளையத்தின் விட்டத்தை அளந்து, பெரிய வளையம் தந்ததைத் தேர்ந்து, அதன் மரபுத்தொகையைப் படிக்க அனுப்பிவிடுகின்றனர்.

இங்குதான் எனக்கு ஐயம் எழுகிறது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோசு இயற்கைச் செல்லுலோசு இல்லை. நீரில் கரையுமாறு வேதிமுறையால் மாற்றப்பட்ட பொருள். பனிக்கூழைக் கெட்டியாக்கச் சேர்ப்பார்களே, அதுதான். அதில் படிகம் இல்லை, அடுக்கு இல்லை. இழையின் நடுவே வெட்டும் நொதி ஒன்று இருந்தாலே வளையம் வந்துவிடும். பேசில்லசு சப்டிலிசு அவ்வாறு வளையம் தரும் பாக்டீரியா. சாணத்திலும் மண்ணிலும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் வடிதாள் துண்டை மட்டும் உணவாகக் கொடுத்தால் செழித்து வளராது. அரிவாள் வைத்திருப்பவரெல்லாம் உழவர் ஆகிவிடுவதில்லை. படிகச் செல்லுலோசை உண்மையாகவே தின்று வாழ, நடுவில் வெட்டும் நொதி, முனையைப் பற்றி இரண்டிரண்டு குளுக்கோசாகக் கழற்றிக்கொண்டே செல்லும் நொதி, அவ்விரட்டையைப் பிரிக்கும் நொதி, நாரின்மேல் பற்றி நிற்கும் பிடிப்புப் பகுதி எனப் பலவும் ஒருங்கே வேண்டும். வடிதாள் கீற்றை வளர்நீர்மத்தில் நிறுத்தி, நீர்மட்டத்தருகே தாள் நைந்து அறுந்து விழுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை, பொறுமை கேட்கும் சோதனைதான். ஆயினும் அது பொய் சொல்வது அரிது.

மரபுத்தொகையைப் படிக்கும் வேலை நுண்ணுயிரின் தோலை உரிப்பதில் தொடங்குகிறது. முட்டை வெண்கருவிலும் உள்ள லைசோசைம் என்னும் நொதியால் செல்சுவரைத் தளர்த்தி, சவர்க்காரக் கரைசலால் உடைத்து, புரதங்களை நீக்கி, ஆல்ககால் சேர்த்தால் டி.என்.ஏ. வெண்ணிற இழைகளாகத் திரளும். தூய வளர்ப்பிலிருந்து எடுத்தால் தொல்லை குறைவு. சாணத்திலிருந்து நேரே எடுத்தால் மக்கிய பொருட்களின் பழுப்பும் கூடவே வந்து, பின்னால் பயன்படும் நொதிகளை முடக்கும். அதனால்தான் 260, 280 நானோமீட்டர் ஒளியை மாதிரி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் 1.8ஐ ஒட்டி வரும்வரை கழுவிக் கழுவித் தூய்மை செய்கின்றனர்.

பிரெட்ரிக் சாங்கர் 1977இல் வெளியிட்ட முறையால் படித்த காலத்தில், ஒரு பாக்டீரியாவின் முழுத்தொகை பெருங்குழுக்களின் பல மாத உழைப்பாக இருந்தது. தனித்து வாழும் உயிர் ஒன்றின் முழு மரபுத்தொகை முதன்முதலில் 1995இல் வெளிவந்தது; ஈமோஃபிலசு இன்ஃபுளுயன்சா என்னும் அப்பாக்டீரியாவின் தொகை 18.3 இலட்சம் எழுத்து. இன்று இலுமினா கருவிகள் டி.என்.ஏ.வை நொறுக்கி, 150 முதல் 300 எழுத்து கொண்ட துண்டுகளாகக் கோடிக்கணக்கில் படித்துத் தள்ளுகின்றன. ஒவ்வோர் இடமும் பலமுறை படிக்கப்படுவதால் பிழை குறைவு. ஆனால் துண்டுகளை ஒட்டும்போது, ஒரே வாசகம் பலமுறை திரும்பி வரும் இடங்களில் கணினி தடுமாறும். அங்கே தொகை அறுந்து, வரைவாகவே நின்றுவிடும். நேனோபோர் முறையில் டி.என்.ஏ. இழை ஒரு புரதத் துளையின் வழியே நழுவிச் செல்கையில் மின்னோட்டம் மாறுவதைக் கொண்டு எழுத்தை அறிகின்றனர். ஆயிரக்கணக்கான எழுத்துகள் ஒரே மூச்சில் கிடைக்கும். பிழை சற்றுக் கூடுதல். இரண்டையும் சேர்த்தே படிப்பது நல்லது. செல்லுலோசு சிதைப்பவற்றில் இது வெறும் நுணுக்கச் செய்தி இல்லை. ஏன் என்பதற்குக் குளோசுட்ரிடியம் தெர்மோசெல்லமே சான்று.

1926இல் விவரிக்கப்பட்ட இப்பாக்டீரியா எருவிலும் மக்குக் குவியலிலும் 60 பாகைச் சூட்டில் செழிப்பது. இடையில் அதன் பேரினப் பெயர் சிலமுறை மாற்றப்பட்டுவிட்டது, பழம்பெயரையே இங்குக் கொள்கிறேன். 1983இல் இரஃபேல் லாமெட்டும் எட் பேயரும் இது நாரை எவ்வாறு பற்றுகிறது என்று தேடினர். ஒட்டும் பொருள் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பல நொதிகள் கூடிய பெருங்கட்டு ஒன்று கிடைத்தது. அதற்குச் செல்லுலோசோம் என்று பெயரிட்டனர். நீண்ட தாங்குபுரதம் ஒன்று. அதில் ஒன்பது பொருத்திடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நொதி தன் கொக்கியால் மாட்டிக்கொள்ளும். தாங்குபுரதத்தின் இன்னொரு பகுதி செல்லுலோசைப் பற்றிக்கொள்ளும். வெட்டும் கருவிகளெல்லாம் நாரின் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதால், ஒன்று வெட்டிய இடத்தில் மற்றது உடனே தொடர்கிறது. முழுத்தொகை படிக்கப்பட்டபோது கொக்கி உடைய புரதங்கள் எழுபதுக்கு மேல் இருப்பது தெரிந்தது. ஒன்பது பொருத்திடங்களும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும். குறுந்துண்டுகளை மட்டும் கொண்டு ஒட்டினால் ஒன்பது சுருங்கி நான்காகவோ ஐந்தாகவோ தோன்றும் இடர் உண்டு. இரைப்பையில் வாழும் ரூமினோகாக்கசு ஃபிளேவிஃபேசியன்சின் வரைவுத்தொகை 2009இல் வெளிவந்தபோது, கொக்கிப் புரதங்கள் இருநூறுக்கும் மேல் என்று காட்டியது. அவற்றுள் பலவற்றின் வேலை இன்னதென்று எழுத்தைக் கொண்டு ஊகிக்க மட்டுமே முடிந்தது.

அவ்வூகத்துக்கு அடித்தளம் பெர்னார் ஆன்ரிசா 1991இல் முன்வைத்த வகைப்பாடு. சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதிகளை அவற்றின் எழுத்து ஒற்றுமையைக் கொண்டு குடும்பங்களாகப் பிரித்து எண்ணிட்டார். 5, 9, 48 ஆகிய எண் கொண்ட குடும்பங்கள் செல்லுலோசைத் தேடுவோர் முதலில் பார்ப்பவை. புதிய மரபுத்தொகை கையில் வந்ததும் கணினி நிரல் அதை இக்குடும்பங்களோடு ஒப்பிட்டு, இன்ன குடும்பத்தில் இத்தனை என்று பட்டியல் தந்துவிடும். பட்டியல் தருவது ஒரு பிற்பகல் வேலை. கட்டுரைகள் பல அந்தப் பட்டியலோடு முடிந்தும் விடுகின்றன!

அப்பட்டியலுக்கு எதிர்ச்சான்றாக நிற்பதுதான் அங்கேட் கண்ட ஃபைப்ரோபாக்டர். அதன் எஸ்85 என்னும் வகையின் முழுத்தொகை 2011இல் வெளியாயிற்று, 38.4 இலட்சம் எழுத்து. இரைப்பையில் படிகச் செல்லுலோசை விரைந்து கரைப்பவற்றுள் முன்னணியில் நிற்பது இது. ஆனால் அதன் தொகையில் செல்லுலோசோமுக்குரிய தாங்குபுரதமும் இல்லை, கொக்கியும் இல்லை. முனையைப் பற்றிக் கழற்றிச் செல்லும் 48ஆம் குடும்ப நொதியும் இல்லை. நடுவில் வெட்டுபவை மட்டும் மிகுதி. பட்டியலை மட்டும் நம்பியிருந்தால், இது செல்லுலோசை அரைகுறையாகவே வெட்டும் என்று எழுதியிருப்போம். இன்னொரு விந்தையும் உண்டு. சைலனை வெட்டும் நொதிகள் அதனிடம் நிறைய இருந்தும், வெட்டிக் கிடைத்த சர்க்கரையை அது உண்பதில்லை. மேலே போர்த்திய சைலனை உரித்தெறிந்துவிட்டு உள்ளிருக்கும் செல்லுலோசை மட்டும் தின்கிறது. அவ்வாறு சிந்தியதை அயலில் வாழும் பிற பாக்டீரியாக்கள் உண்கின்றன. செல் நாரோடு ஒட்டிக்கொண்டால்தான் இச்சிதைப்பு நடக்கிறது. வெளிச்சவ்வில் உள்ள சளிப்புரதங்களும், சவ்விலிருந்து பிரியும் நுண்கொப்புளங்களும் இதில் பங்குகொள்கின்றன. ஆனால் இழை அடுக்கிலிருந்து எவ்வாறு உருவப்படுகிறது என்ற வினாவுக்கு முழுத்தொகையும் விடை தரவில்லை.

எழுத்து கையில் இருந்தும் பொருள் விளங்காமல் கிடந்ததற்கு இன்னொரு சான்று, எருக்குவியலின் காற்றுள்ள பகுதியில் வாழும் தெர்மோபிஃபிடா ஃபஸ்கா. 36.4 இலட்சம் எழுத்துள்ள இதன் தொகை 2007இல் வெளியானது. அதில் இரண்டு சிறு புரதங்கள் சர்க்கரைச் சங்கிலியில் வெறுமனே ஒட்டுபவை என்ற அளவிலேயே குறிக்கப்பட்டிருந்தன. 2010இல் நார்வே ஆய்வாளர்கள், அதே குடும்பத்துப் புரதம் ஒன்று, செல்லுலோசை ஒத்த சர்க்கரைச் சங்கிலியாகிய கைட்டினின் படிகப் பரப்பை உலோக அணுவின் துணையால் உயிர்வளியூட்டி அறுக்கிறது என்று காட்டினர். அவ்வுலோகம் செம்பு என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. 2011இல் செல்லுலோசை அறுப்பனவும் அக்குடும்பத்தில் உண்டு என்று தெரிந்தது. நீரைச் சேர்த்து வெட்டும் நொதிகளையே எண்ணிக்கொண்டிருந்த துறைக்கு இது புதுவழி. பழைய தொகைகளையெல்லாம் எடுத்து மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு படிக்கையில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது: இவ்வகை நொதி உயிர்வளி கிடைக்கும் இடத்து நுண்ணுயிர்களில் காணப்படுகிறது, உயிர்வளியற்ற இரைப்பையின் நார்சிதைப்பிகள் செல்லுலோசோம் போன்ற வேறு வழிகளையே நம்புகின்றன. எருக்குழியின் தோலும் உள்ளும் வெவ்வேறு உலகம் என்பதன் மூலக்கூற்றுப் பொருள் இதுவே.

வளர்க்க இயலாதவற்றையும் படிக்கும் காலம் வந்தபின் எண்ணிக்கைகள் திகைப்பூட்டுகின்றன. அமெரிக்க எரியாற்றல் துறையின் கூட்டு மரபுத்தொகை நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சுவிட்ச் புல்லை நைலான் பைகளில் இட்டுப் பசுவின் இரைப்பைக்குள் வைத்து, அப்புல்லில் ஒட்டிய நுண்ணுயிர்களிலிருந்து 26,800 கோடி எழுத்துகளைப் படித்தனர். சர்க்கரைச் சங்கிலிகளோடு தொடர்புடையவை என ஊகிக்கத் தக்க 27,755 மரபணுக்கள் கிடைத்தன. அவர்கள் அங்கே நிற்கவில்லை என்பதே எனக்குப் பிடித்த செய்தி. 90 புரதங்களை ஆய்வகத்தில் ஆக்கி வெட்டுகின்றனவா என்று சோதித்தனர். 57 விழுக்காடு வேலை செய்தன. 2018இல் இசுக்காட்லாந்தின் 43 மாடுகளிலிருந்து 913 நுண்ணுயிர்த் தொகைகளும், மறு ஆண்டு 283 மாடுகளிலிருந்து 4,941 தொகைகளும் ஒட்டி உருவாக்கப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் குழாயில் வளர்த்ததில்லை. இதற்கு இணையாக, வளர்ப்பையே முதன்மையாகக் கொண்டு அங்கேட்டின் பெயரால் நடந்த கூட்டுத்திட்டம் 410 தொகைகளை 2018இல் வெளியிட்டது. எண்ணிக்கையில் சிறிதாயினும், அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் உறைபெட்டியில் உயிருள்ள வளர்ப்பு இருக்கிறது. ஐயம் எழுந்தால் எடுத்து வடிதாளில் விட்டுப் பார்க்கலாம். எனக்கு இந்த 410இன்மேல் தனி மதிப்பு.

நடைமுறைப் பயனில் மரபெழுத்து கட்டாயம் படிக்கப்பட வேண்டிய இடம் ஒன்றுண்டு. சாணத்துப் பாக்டீரியாவை மக்கு உரத்துக்கோ தீவனத்துக்கோ விதைப்பாகக் கொடுக்குமுன், அது நச்சு உண்டாக்கும் மரபணுவையோ, மருந்துகளை எதிர்க்கும் மரபணுவையோ சுமக்கிறதா என்று அறிய வேண்டும். உணவை நஞ்சாக்கும் பேசில்லசு செரியசும் சாணத்தில் வாழ்வதே. அதுவும் அகர்த் தட்டில் வளையம் தரக்கூடியதே. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊட்டப்பட்ட மாட்டின் சாணத்தில் எதிர்ப்பு மரபணுக்கள் மிகும் என்பதும், அவை பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவும் என்பதும் நன்கு நிறுவப்பட்டவை. வளைய விட்டத்தை அளந்தால் இவையெதுவும் தெரியாது.

அண்மையில் இத்துறை எதிர்பாராத திசையில் திரும்பியது. இசுரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்து இட்சாக் மிசுராகியின் குழுவினர் 2024இல், மனிதக் குடலில் செல்லுலோசோம் கட்டும் ரூமினோகாக்கசு இனங்களைத் தேடினர். தாங்குபுரதத்தின் எழுத்தையே அடையாளமாகக் கொண்டு ஏராளமான மரபுத்தொகைகளைத் துழாவி, முன்பு அறியப்படாத இனங்களைக் கண்டனர். அவற்றின் மரபுக்கிளைகளை ஒப்பிட்டால், இவை அசைபோடும் விலங்குகளின் குடலில் தோன்றி, ஒருவேளை ஆடு மாடுகளைப் பழக்கிய காலத்தில், மனிதனுக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. வந்த இடத்தில் அயலுயிர்களின் மரபணுக்களைப் பெற்று, மனிதன் உண்ணும் தவசங்களின் நாருக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டுள்ளன. தொல்லிடங்களில் உலர்ந்து கிடைத்த பழங்கால மனித மலத்திலும், வேட்டையாடி வாழும் குடிகளிடமும், சிற்றூர் மக்களிடமும் இவ்வினங்கள் பரவலாக உள்ளன. தொழில்மயமான நாடுகளின் மக்களிடம் அரிதாகவே கிடைக்கின்றன.